பிடித்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள், அதனால் அப்படியே எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள். நேற்றுகூடப் போனில் பேசியவள் இன்றைக்கு எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போனை அமைத்துக் கொடுத்தவன் உன் அண்ணன், அதில் வருவதும் போவதும் அவனுடைய லேப்டாப்பிலும் தெரிகிறது. உன் குழந்தையின் படம் எனக்கு வருவதற்கு முன்பே பல்லைப் பார்த்தியாம்மா என்று அவன் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, மடியில் வைத்து எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில், வெளிக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தாள் நம் கடையில் அளவு வரைகிற பழுப்புத் தாள், வெள்ளைத் தாள் எடுத்தால் எதற்கு என்று கேள்வி வரும். அண்ணன் எங்களை இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், முடிந்ததும் அவனே வந்து கூட்டிப்போவான். அவன் பார்வை இல்லாமல் நான் உட்கார்கிற இடம் இப்போதைக்கு இது ஒன்றுதான்.

அப்பாவுக்கு முட்டி பரவாயில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் கெட்டிக்காரி, முதல் நாள் தாத்தா என்று கூப்பிட்டு, அவர் முறைத்த முறைப்பைப் பார்த்ததும் சார் ஆக்கிக்கொண்டாள். உள்ளே அவர் ஐயோ ஐயோ என்று கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது, வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் காது கேட்காது, கத்துவதற்கு மட்டும் குரல் வந்துவிடுகிறது. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், சார்ஜர் ஒயரை எட்டாத இடத்தில் வை. மாப்பிள்ளை முதுகு வலி முதுகு வலி என்கிறாரே, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்காதே, எழுந்து வந்து சாப்பிடட்டும். வீடு வாங்க லோன் போட்டிருக்கிறோம், உன் பேரில் எங்கேயாவது பாக்கி இருக்கிறதா என்று பேங்க்காரன் துருவித் துருவிப் பார்ப்பான் என்று சொன்னாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கணக்குச் சமாசாரம், கொஞ்சம் பொறுமையாகப் படி.

அதற்கு முன்னால் ஒன்று. அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று அண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பான், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வான். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, துணி கொண்டுவருகிறவரிடமும் சொல்லியாகிவிட்டது. டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனான். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார், இரண்டு வரைக்கும் வந்துவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகணுமா டாக்டர் என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அப்பாவிடம், ஆரம்ப நிலைன்னு டாக்டர் சொல்றாருப்பா, பாத்துக்கணும் என்றான். டாக்டர் என் காதுபட அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் கணக்கை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துப் பார், தப்பு இருந்தால் எனக்கு மறதி என்று வைத்துக்கொள்.

கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நீதான். சோபாவுக்கும் வண்டிக்கும் மெஷினுக்கும் உறை தைத்துத் தெருவில் போகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த கடையை நீதான் வெப்சைட்டில் ஏற்றினாய். ஆன்லைனில் வருகிற பணத்தை வாங்கி நம் பேங்கில் போடுகிற கம்பெனியில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குப் பழைய பாக்கி இருந்ததால் அவன் பேரில் தர மாட்டோம் என்றார்கள், அப்பாவோ ஃபாரத்தைப் பார்த்தாலே கண்ணாடியைத் தேடப் போய்விடுவார், கடைசியில் உன் பேரிலும் உன் போன் நம்பரிலும் தொடங்கினோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்தப் பிறகு வரவே இல்லை. அப்போது நீ சொன்னாய், அம்மா, ஒருத்தர் ஆயிரத்துக்கு உறை வாங்கினா கம்பெனிக்காரன் முப்பதைக் கமிஷனா எடுத்துக்கிட்டு தொள்ளாயிரத்து எழுபதைத்தான் பேங்க்ல போடுவான், அதைப் பாத்து விற்பனை தொள்ளாயிரத்து எழுபதுன்னு எழுதிடாதே, வித்தது ஆயிரம், பிடிச்சது முப்பது, வந்தது தொள்ளாயிரத்து எழுபது, மூணையும் தனித்தனியா எழுது, அப்பத்தான் யார் எவ்வளவு எடுக்குறாங்கன்னு தெரியும் என்றாய். ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அந்த முப்பதுக்கு என்ன தலைப்புப் போடுவது என்று கேட்டேன், பிடித்தம் என்று போடச் சொன்னாய். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரனுக்கு நம்ம மேல அவ்வளவு பிடித்தமா என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். இஞ்சில் அளந்துவிட்டு சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்புகிற புண்ணியவான்கள் உண்டே, அவர்களுக்கு உறை பொம்மைக்குத் தைத்த மாதிரி போய்ச் சேரும், பணத்தைத் திருப்பிக் கொடுப்போம், ஆனால் கம்பெனி தன்னுடைய முப்பதைத் திருப்பாது. வந்தாலும் பிடித்தம், போனாலும் பிடித்தம். அத்தனையும் கையால் எழுதி, மாதக் கடைசியில் பேங்க் கணக்கோடு ஒட்டிப் பார்த்து டேலி ஆனால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

போன வருஷம் அண்ணன், எதுக்கும்மா கண்ணைக் கெடுத்துக்குற, இனிமே அதுவே எழுதிக்கும் என்று சொல்லி லேப்டாப்பில் ஏதோ ஒன்றைப் போட்டான். அது விற்றதைப் பார்க்கும், பேங்கில் வந்ததைப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் எது குறைந்தாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் பிடித்தத்தில் தள்ளிவிடும். கம்பெனியும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகப் பணம் போடுவதில்லை, நாலு நாள் விற்பனையைச் சேர்த்து, நடுவில் ரீஃபண்டைக் கழித்து மொத்தமாகப் போடுகிறது, அந்த மூட்டைக்குள் கைவிட்டு யார் தேடுவது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆர்டர் குறையவில்லை, நூல் வாங்குவது குறையவில்லை, கைக்கு வருகிற காசு மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிக்கொண்டிருந்தது. ஓரம் தைக்கிற அக்காவை நிறுத்திவிட்டான், சம்பளம் கொடுக்க முடியலைம்மா என்றான். நமக்கு வரிக்கணக்கு பார்த்த ஐயாவை மாற்றிவிட்டான். கேட்டால், ரீஃபண்ட் ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, பிடித்தத்துலயே எல்லாம் போகுது என்பான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மழை விடாமல் அடித்த வாரத்தில் வெப்சைட் படுத்துவிட்டது. படுப்பதற்கு முன்னால் வந்தது ஒரே ஒரு ஆர்டர், குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டிக்கு மழை உறை, விலை ஆயிரம். அந்த வாரம் முழுக்க ஒற்றை ஆர்டர், அதனால் ஒற்றை டெபாசிட். கடை பேங்கிலிருந்து வருகிற செய்தி இன்னமும் அப்பாவின் பட்டன் போனுக்குத்தான் வருகிறது, அதை மாற்ற அண்ணனுக்குத் தோன்றவில்லை. அதில் எழுநூற்றுத் தொண்ணூறு என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், எழுநூற்றுத் தொண்ணூறுதான். லேப்டாப்பைத் திறந்தேன், விற்பனை ஆயிரம், பிடித்தம் இருநூற்றுப் பத்து என்று அது பாட்டுக்கு எழுதி வைத்திருக்கிறது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், முப்பது எப்படிடா இருநூத்திப் பத்து ஆச்சு என்று கேட்டேன். கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. அப்புறம், ரேட்டை ஏத்திட்டாம்மா என்றான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மாத்திரை போட்டியாம்மா என்று கேட்டான். அவ்வளவு அன்பாக அவன் என்னிடம் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. மறுநாள் லேப்டாப் அவன் அறைக்குப் போய்விட்டது, பாஸ்வேர்டும் மாறிவிட்டது. எனக்கு மறதி வந்தது அதற்குப் பிறகுதான்.

பழைய கணக்கு நோட்டில் கம்பெனியின் நம்பரை நீ எழுதி வைத்திருந்தாய். முன்பு ஒரு தடவை இங்கே வந்தபோது பயிற்சிப் பெண்ணின் போனை இரவல் வாங்கிக் கூப்பிட்டேன். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்றார்கள், நான்தான் அவள் என்று சொல்லிவிட்டேன், குரலைக் கொஞ்சம் இளசாக்கிக்கொண்டு. பிறந்த தேதி கேட்டார்கள், பெற்றவளுக்குத் தெரியாதா. அந்தப் பையன் ரொம்ப மரியாதையாக, நாலாவது அட்வான்ஸ் விஷயமாத்தானே கூப்பிட்டீங்க மேடம், அப்ரூவ் ஆயிடுச்சு, போன தடவையைவிட மூணு மடங்கு தர்றோம், உங்க போனுக்கு ஓடிபி அனுப்புறேன், அதைச் சொன்னீங்கன்னா இன்னொரு பேங்க் கணக்கு கொடுத்திருக்கீங்களே, வழக்கம்போல அதுல பணம் ஏறிடும் என்றான். இனிமேல் நடக்கப்போகிற விற்பனையை நம்பிக் கம்பெனியே முன்கூட்டிக் கொடுக்கிற கடனுக்குத்தான் அட்வான்ஸ் என்று பேர் என்று அப்போதுதான் புரிந்தது. அட்வான்ஸை எப்படிப்பா திருப்பி எடுப்பீங்க என்று கேட்டேன். ஒவ்வொரு விற்பனையிலயும் நூத்துக்குப் பதினெட்டு பிடிச்சுக்கறோமே மேடம், மூணு தடவையா அப்படித்தானே என்றான். ஆயிரத்துக்கு நூற்றெண்பது, கமிஷன் முப்பது, ஆக இருநூற்றுப் பத்து. டேலி ஆகிவிட்டது. கணக்கு டேலி ஆனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான். கடையை மூடிட்டா என்னப்பா பண்ணுவீங்க என்று கேட்டேன். கணக்கு உங்க பேர்ல இருக்கறதால உங்ககிட்டதான் மேடம் வசூல் பண்ணுவோம், நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் சரி என்றான். போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்ற மூன்றையும் கேட்டது யார் என்று இப்போது உனக்கே நினைவு வந்திருக்கும். தங்கச்சியோட பேசுடா, ஒரே ஒரு தங்கச்சி, அவளாத்தான் கூப்பிடணுமா என்று நான்தான் அவனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவனும் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு, பாப்பா சாப்பிட்டியா, குட்டி என்ன பண்றான் என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவான், நான் பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், நம் காலத்துக்குப் பிறகு இதுகள் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்கும் என்று. பேச்சு முடிகிற நேரத்தில், ஆங் பாப்பா, கடைக் கணக்குக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, அதைச் சொல்லிடு என்பான். நீயும் சொல்லுவாய். அவனுக்கு உன் மேல் பிடித்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அண்ணன் தங்கைக்கு மட்டும் அது பொருந்தாது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பணமெல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் புதிதாக ஒரு ஸ்பூன்கூட வரவில்லை. ஆனால் ஒருவர் கடைக்கு வருகிறார். நம் கடைக்கு வருகிறவர் எவரானாலும் வாயைத் திறந்ததும் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்பார்கள். இவர் அளவே சொல்வதில்லை. பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்து அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார், அண்ணன் பக்கத்தில் கைகட்டி நிற்பான். போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். கேட்டிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை ஒட்டி வைத்து நடந்தார், பிறகு என்னைப் பார்த்து, தண்ணி நல்லா வருமாம்மா என்று கேட்டார். வீடு வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றான், அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, பயத்தில் உதடு வெளுத்திருந்தது. திமிர் பிடித்தவனாக இருந்தால் நான் சண்டை போட்டுக்கொள்வேன். பயந்துபோனவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயம். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவன்கிட்ட கேக்காதே என்று மட்டும் சொன்னார். அவருக்கு முன்பே தெரியும் என்று அந்த வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. எதில் கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டேன், எழுந்து போய்விட்டார், அந்த முட்டியோடு எவ்வளவு வேகமாக.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் கம்பெனிக்கு நீயே கூப்பிடு. இனி எந்த அட்வான்ஸும் வேண்டாம் என்று எழுத்தில் கொடு. இதுவரைக்கும் வாங்கியது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு, மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கு. அந்தக் கம்பெனிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்று. மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடு, அவர் கோபித்துக்கொண்டால் அம்மாவைத் திட்டிக்கொள்ளட்டும், பரவாயில்லை. நிற்கிற பாக்கியை நானும் அப்பாவும் எதை விற்றாவது கட்டுவோம், நீ உன் வீட்டுப் பணத்தில் கை வைக்காதே. அண்ணனிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, கோபத்தில் போன் போட்டுக் கத்திவிடாதே, கத்தினால் அதற்குப் பிறகு வீட்டில் அவனோடு இருக்கப்போவது நான்தான். கடிதம் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் அடுத்த தடவை பேசும்போது, அம்மா, எனக்கு ஒரு உறை தைச்சு அனுப்பு என்று கேள். என்ன அளவு என்று கேட்பேன், வாய்க்கு வந்த ஒரு அளவைச் சொல். பக்கத்தில் யார் இருந்தாலும் சந்தேகம் வராது, எனக்கும் மூச்சு வரும்.

நாலாவதுக்கு அவன் இன்னும் உன்னைக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று அந்த ஷூக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், எந்த வெள்ளிக்கிழமை என்று காதில் விழவில்லை. இந்தக் கடிதம் முந்துமா, அவன் போன் முந்துமா தெரியாது. தபாலில் சேர்க்கிறேன் என்று பயிற்சிப் பெண் வாக்குக் கொடுத்திருக்கிறாள், உறையின் மேல் விலாசத்தையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். உள்ளே அப்பாவின் சத்தம் நின்றுவிட்டது, முடிந்துவிட்டது போல. வாசலில் நம் வண்டி வந்து நிற்கிறது, அவன் இறங்கவில்லை, கண்ணாடி வழியாக இந்தப் பக்கம்தான் பார்க்கிறான்.

நீ நன்றாக இரு, கண்ணு. மாப்பிள்ளையும் குழந்தையும் நீயும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல், சொந்தக் கூரைக்குக் கீழே நூறு வருஷம் இருக்க வேண்டும். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, சளி பிடிக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவன் கேட்டால் நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததும் போனை என்னிடம் கொடுப்பான். நான் வருவேன், அம்மா சொல்றேன், அந்த நம்பரைச் சொல்லிடு கண்ணு என்று கேட்பேன், அழக்கூட அழுவேன். நானே கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா